இரண்டு முறை விழுந்த சர்க்கரை

பாஸ்டர் ஜெபத்தில் இன்னும் ஆப்பிரிக்காவிலேயே இருந்தார். அங்கே பஞ்சமும் போரும் ஓய மன்றாடி முடித்து, ஐரோப்பாவின் குளிர்ந்துபோன சபைகளை எழுப்பி, இந்தியாவுக்கு இறங்கி, அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்காகவும் ஜெபித்துவிட்டு, அப்புறம்தான் கடல் தாண்டி மெல்போர்னில் இந்த வீட்டுக்கு வந்து சேருவார் என்று ஞானசிகாமணிக்குத் தெரியும். எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. அவருக்கும் மூடித்தான் இருந்தது, ஆனால் காது மட்டும் கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, லாண்ட்ரி அறையின் கதவிடுக்கு வழியாக உள்ளே போய், துணி மெஷினுக்குப் பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற பியர் பாட்டில்களின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒன்றாவது முனகுகிறதா, ஒன்றாவது விரிசல் விடுகிறதா. வெளியே நாற்பது டிகிரி. இந்த ஊர் வெயில் நம்மூர் வெயில் மாதிரி இல்லை, கருணையே கிடையாது, காற்றும் சேர்ந்து சுடும். கூடத்தில் ஏசி ஓடுகிறது, பாஸ்டர் ஐயாவுக்கு வேர்க்கக்கூடாது, ஆனால் லாண்ட்ரிக்கு ஏசி கிடையாது, மேற்குப் பார்த்த ஜன்னல், வெயில் நேரே அலமாரியில் விழும். ஜன்னலுக்குத் திரை போடச் சொல்லி எத்தனை தரம் சொல்லியிருப்பேன், இல்லை, நான்தான் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேனோ, சனியன், அதுவும் ஞாபகமில்லை. ஆமென் என்று யாரோ இடையில் சொன்னார்கள். அவரும் சொல்லிவைத்தார். ஹெப்சிபா அக்கா லாண்ட்ரிக்குப் போகிற நடையின் வாசலில்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வேறு இடமே கிடைக்காத மாதிரி. கூடத்தில் சோபா காலியாக இருக்கிறது அக்கா என்றதற்கு, எனக்கு முதுகுக்கு இதுதான் சுகம் தம்பி என்கிறாள். ஒரு பாட்டில் வெடித்தால் முதலில் அவள் காதில்தான் விழும். அதன்பின் சபை முழுக்க விழும். சபைச் செயலாளர் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள். சாராயம் இல்லை அக்கா, பியர், இந்த நாட்டில் வீட்டில் பியர் போடுவது தப்பே இல்லை அக்கா, பாதிப் பேர் போடுகிறார்கள் அக்கா. யாரிடம் சொல்வது.

குடிப்பதற்காக அவர் இதை ஆரம்பிக்கவில்லை என்று சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள், மனைவி சுகிர்தாவே நம்பவில்லை. பால் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இத்தனை வருஷம் நின்றுவிட்டு, ஒருநாள் கேக் வெட்டி, கை தட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு காலையில் எழுந்தால் கையில் வேலை இல்லை. கொதிக்கவைக்க ஒன்றுமில்லை, ஆறவைக்க ஒன்றுமில்லை, சூடு பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. மருமகன் பிரின்ஸ்தான் தந்தையர் தினத்துக்கு அந்த டிரம்மையும் குழாயையும் மால்ட் டப்பாவையும் வாங்கி வந்தான். ரொம்ப ஈஸி மாமா, டப்பாவை உடைச்சு ஊத்துங்க, ஈஸ்ட்டைத் தூவுங்க, அவ்வளவுதான். அவ்வளவுதானாம். முதல் தரம் போட்டது ஈரக் காகிதம் ஊறவைத்த மாதிரி மணத்தது, இரண்டாவது வினிகர். பிரின்ஸ் இணையத்தில் கேட்டுச் சொன்னான், எல்லாரும் ஒரே பாட்டுத்தான், ரிலாக்ஸ் பண்ணுங்க, கவலைப்படாதீங்க. கவலைப்படாமல் இருந்தால் பால் திரிந்துபோகும் தம்பி. பாலுக்குத் தெரிந்ததுதானே பியருக்கும். முதல் காரியம் சுத்தம். சோப்புப் போட்டுக் கழுவினால் அழுக்குத்தான் போகும், கிருமி போகாது, அதற்குத் தனி மருந்து இருக்கிறது, கையிலிருந்து கரண்டிவரை அதில் முக்கி எடுக்கவேண்டும். அப்புறம் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதைக் கொதிக்கவைக்காமல் அப்படியே ஊற்றினால் மருந்துக்கடை வாடைதான் வரும். எல்லாத்துக்கும் மேலே சூடு. ஈஸ்ட் என்பது உயிர், அதற்கு வெயில் ஆகாது, வெயிலில் அது வெறிபிடித்துத் தின்னும், தின்றுவிட்டு நாற்றத்தை விட்டுவைக்கும். லாண்ட்ரித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, டிரம்மை அதில் இறக்கி, ஈரத் துண்டைச் சுற்றி, காலையும் மாலையும் உறைந்த தண்ணீர்ப் பாட்டிலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பச்சப்பிள்ளைக்குக் கூட இப்படிச் செய்ததில்லை என்று சுகிர்தா வாசலில் நின்று சொன்னாள். உள்ளே வரமாட்டாள். அவள் அந்த டிரம்மைத் துடைப்பக்கட்டையால்கூடத் தொட்டதில்லை. ஆனால் மூன்றாவது தரம் அது வந்தது. தேன் நிறம், மேலே மெல்லிசாக நுரை, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசனை. அரை டம்ளர்தான் குடித்தார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார், தொழிற்சாலையில் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இப்படி எதையும் தூக்கிப் பார்த்ததில்லை, அங்கே எல்லாம் மற்றவனுடைய பால்.

பாஸ்டர் ஜெர்மனிக்கு வந்துவிட்டார். நல்ல நாடு, அங்கே இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. இந்தத் தரம் எல்லாம் ஒழுங்காகத்தானே நடந்தது. பொங்கி அடங்குகிறவரை மூடியைத் திறக்கவில்லை, பிரின்ஸ் திறந்து பார்ப்போமே மாமா என்று பறந்தான், கையைத் தட்டிவிட்டார். மிச்சச் சர்க்கரையைக் காட்டுகிற மிதவை மானி அடுத்தடுத்த நாளும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தபிறகே பாட்டிலில் அடைப்பது என்று முடிவு செய்தார், குமிழ் நின்றுவிட்டது என்பதை நம்பி அடைக்கிறவன் முட்டாள். பாட்டிலில் நுரை கட்டுவதற்குக் கொஞ்சம் சர்க்கரை வேண்டும். அதைத் தண்ணீரில் காய்ச்சிப் பாகாக்கி, அடைப்பதற்கு முன்னால் மொத்த பியரிலும் ஒரே தரம் கலந்துவிடவேண்டும். ஒரே தரம். பிரின்ஸ் பின்கட்டில் பாட்டில் கழுவினான், அவர் அடுப்படியில் பாகு காய்ச்சினார். அவ்வளவும் கண்ணாடிப் பாட்டில், பிரின்ஸ் பிளாஸ்டிக்கில் அடைக்கலாம் மாமா, அமுக்கிப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு காற்று இருக்குன்னு தெரிஞ்சிடும் என்றான், அவர்தான் பியரைப் பிளாஸ்டிக்கில் அடைக்க நான் என்ன பினாயில் விக்கேனா என்றார். அந்தப் பேச்சு எதற்கு. இன்றைக்கு மத்தியானம், சபையார் வருவதற்கு முன்னால், எப்படி வந்திருக்கிறது பார்ப்போம் என்று ஒன்றைத் திறந்தார். மூடி கையை விட்டுப் பறந்தது. பியர் முழுக்கக் கூரையில் போய் அடித்துத் திரும்ப அவர் தலையிலேயே ஊற்றியது. பாட்டிலில் ஒரு விரல்கடைகூட மிஞ்சவில்லை. இது கொஞ்சம் கூடின சர்க்கரை இல்லை, ரெண்டு பங்கு சர்க்கரை. உடனே பிரின்ஸுக்குப் போன் போட்டார். ஏய், அன்னைக்கு நீ சர்க்கரைப் பாகை ஊத்தினியா? இல்லையே மாமா. ஊத்தியிருப்ப, யோசிச்சுச் சொல்லு. நான் கிச்சன் பக்கமே வரல மாமா, நீங்கதான் ஊத்திட்டேன்னு சொல்லிட்டு, திரும்ப... என்ன திரும்ப? ஒண்ணுமில்ல மாமா. இப்ப எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுல வைங்க, குளிர்ந்தா அடங்கிடும். ஃப்ரிட்ஜில் எங்கே வைப்பது. உள்ளே ஆட்டுக்கறி, ரசகுல்லா, தயிர்சாதம், சுகிர்தா இரண்டு நாளாக ஆக்கி அடுக்கியிருக்கிறாள், பாஸ்டரம்மாவுக்கு என்று தனியாகச் சீனி போடாத பாயசம். ஒரு விரல் நுழைய இடமில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை விட்டுவிடலாம் என்றால் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. தலையைத் துவட்டிச் சட்டையை மாற்றினார், கம்பளியைப் போர்த்தினார், கதவைச் சாத்தினார், ஸ்தோத்திரம் ஐயா, வாங்க வாங்க என்றார்.

திரும்ப. திரும்ப என்ன. அந்த வார்த்தையில்தான் போய்க் குத்திக்கொண்டு நின்றது மனசு, வேட்டி ஆணியில் மாட்டின மாதிரி, இந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியும், அந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியும். பிரின்ஸ்தான் போட்டிருப்பான். எதையும் ஒழுங்காகக் கேட்கிறவன் இல்லை, காதில் எப்போதும் அந்த வெள்ளைக் குச்சியை மாட்டிக்கொண்டு. அவன்தான். ஆனால் அவன் கை முழுக்கப் பாட்டில் கழுவின நுரையோடு வாசல்படியில் நின்றது ஞாபகமிருக்கிறது. என்ன மாமா இன்னொரு தடவை காய்ச்சுறீங்க என்று கேட்டானோ. கேட்டிருந்தால் நான் என்ன சொன்னேன். அடுப்பில் பாத்திரம் இருந்தது. சர்க்கரை கரைந்து தெளிந்து, மரக்கரண்டியின் நுனியில் பளபளவென்று ஒரு சொட்டு. அது முதல் தரமா இரண்டாவது தரமா. ஒரே ஒரு சொட்டுத்தான் ஞாபகத்தில் இருக்கிறது, அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, நடுவில் சுவரை எழுப்பின மாதிரி. ஆண்டவரே, பிரான்சு தேசத்தை நினைவுகூரும் என்றார் பாஸ்டர். நினைவுகூரும். போன மாதம் காரை ரயிலடியில் விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தார், அது களைப்பு. மகள் ஷீபாவைக் கூப்பிட வாயெடுத்து, செத்துப்போன தங்கச்சி பேரைச் சொன்னார், அது எல்லாருக்கும் வருவது. பெரியண்ணன்கூட இப்படித்தான் சின்னச் சின்னதாக ஆரம்பித்தார். நாசரேத்தில் கணக்கு வாத்தியார், பெருக்கல் எல்லாம் மனசிலேயே போடுகிறவர், ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த மதினியைப் பார்த்து, நீங்க யாரு வீட்டு ஆளும்மா, தினமும் வந்து சிரமப்படுதிய என்றார். எவ்வளவு மரியாதையாகக் கேட்டார். மதினி கரண்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். அப்போது அண்ணனுக்கு இப்போது எனக்கு ஆகிற வயசுதான். இல்லை, ஒன்றோ ரெண்டோ கூட இருக்கும். அது ஒரு ஆறுதலா. இந்தப் பிரின்ஸ்தான், இவன் ஒரு டிரம்மை வாங்கி வந்து தலையில் கட்டாமல் இருந்தால் எனக்கு இதெல்லாம் தெரியவே தெரிந்திருக்காது. தெரியாமல் இருந்திருக்கலாம். ஏன் மனுஷனை நிம்மதியாக மறக்கக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

அப்போதுதான் அது கேட்டது. டப் என்று ஒன்று, அதன் பின்னால் கண்ணாடி சிதறி விழுகிற சிணுங்கல், கம்பளிக்குள்ளேயே அமுங்கிவிட்டது. பாஸ்டர் நிறுத்தவில்லை. ஹெப்சிபா அக்கா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து நடையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பூனையாக இருக்கும் என்று நினைத்திருப்பாள், இந்த வீட்டில் பூனை கிடையாது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் அதிரும், அதுவும் போகும். போகட்டும், கம்பளி இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, பாஸ்டர் இந்தியாவுக்கு வந்துவிட்டார், காஷ்மீரில் தொடங்கிவிட்டார். ஞானசிகாமணி கண்ணை லேசாகத் திறந்தார். எதிர்ச் சுவரோரம் சுகிர்தாவின் நாற்காலி காலியாக இருந்தது. காகிதத் தட்டு. ஜெபம் முடிகிற நேரத்துக்குச் சாப்பாட்டு மேசையில் தட்டு அடுக்கியிருக்கவேண்டும் அவளுக்கு. தட்டெல்லாம் லாண்ட்ரி அலமாரியின் மேல்தட்டில். சேலைத் தலைப்பு நடைக்குள் திரும்புவது தெரிந்தது. அவள் குள்ளம், மேல்தட்டு எட்டாது, கீழ்த்தட்டின் விளிம்பில் ஒரு காலை வைத்துத்தான் ஏறுவாள், முகம் நேரே, கழுத்து நேரே. அதுவரை சபை என்ன சொல்லும் என்று ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. எழுந்தார். யாருடைய முழங்காலையோ இடித்தார், யாருடைய வேதாகமமோ கீழே விழுந்தது, ஹெப்சிபா அக்காவின் நாற்காலியைச் சுவரோடு தள்ளிக்கொண்டு நடையில் ஓடினார். சுகிர்தாவின் கை கைப்பிடியில் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், வளையல் நெளிந்தது.

“என்ன, எதுக்கு இப்படி ஓடி வாறிய? ஜெபம் நடக்குல்லா?”

“உள்ள போகாத” என்றார், ஹெப்சிபா அக்காவுக்குக் கேட்காத ரகசியக் குரலில். “பாட்டில் வெடிக்கி.”

“எந்தப் பாட்டில்?”

“பியர் பாட்டில்தான், வேற எந்தப் பாட்டில்? சர்க்கரை ரெண்டு தடவை விழுந்துட்டு.”

“யாரு போட்டா?”

“தெரியல” என்றார். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அதற்கே அவருக்கு எரிச்சலாக வந்தது. “எனக்குத் தெரியல சுகிர்தா. நான் போட்டேனா, போட்டதை மறந்துட்டு திரும்பப் போட்டேனா, ஒண்ணுமே தெரியல. அவன் இல்லங்கான்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சமையலில் உப்புப் பார்க்கிற மாதிரி. பிறகு படுக்கையறைக்குப் போய், குளிர்காலத்துக்கு வாங்கின அவருடைய தடித்த கோட்டையும், பேரப்பிள்ளையின் நீச்சல் கண்ணாடியையும், அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற கையுறையையும் எடுத்துவந்தாள். நீ வெளியே நில்லு என்றார். நிக்கேன் என்றாள், ஆனால் பஞ்சு மெத்தையொன்றைச் சுருட்டி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கூடத்தில் ஜெபம் ஒருவழியாக முடிந்து பாட்டு எழும்பியது, நல்ல வேளை, நம்ம சபையார் பாடினால் தெருவே கேட்கும். நாற்பது டிகிரியில், கோட்டுக்குள், பிள்ளையின் கண்ணாடி மூக்கை நெருக்க, அவர் கம்பளியை விலக்கினார். ஒவ்வொன்றாக லாண்ட்ரித் தொட்டிக்குள் இறக்கி, மேலே ஈரத் துண்டைப் போட்டு, மூடியைக் கொஞ்சம் நெம்பி, சீறவிட்டு, இன்னும் கொஞ்சம் நெம்பினார். அவசரப்பட்டால் கையோடு போய்விடும். துண்டுக்குள் அது உதறியது, அடங்கியது. தேன்நிறத்து நுரை தொட்டி முழுக்க ஏறி வழிந்தது. எத்தனை காலையும் மாலையும் ஐஸ் மாற்றிப் போட்டேன். ஆரஞ்சு வாசனை எழுந்தது, என்ன அருமையாக வந்திருக்கிறது பாருங்கள், இதுவரை போட்டதிலேயே இதுதான் நல்லது, சனியன், இதுதான் நல்லது. பாதியில் இன்னொன்று அலமாரிக்குள்ளேயே போனது. கண்ணாடிச் சில்லு கோட்டில் தைத்து நின்றது. மெத்தைக்குப் பின்னால் சுகிர்தா இயேசப்பா என்றாள், ஆனால் நகரவில்லை. கடைசிப் பாட்டில் திறந்தபோது கூடத்தில் நாலாவது சரணம் முடிந்தது.

சாப்பாட்டு மேசையில் ஹெப்சிபா அக்கா மூக்கை உறிஞ்சி, என்ன சுகிர்தா, வீடெல்லாம் ஒரு புளிச்ச வாடை என்றாள். ஆப்பத்துக்கு மாவு வச்சேன்க்கா, ஈஸ்ட் கூடிப்போச்சு, வெயில்ல பொங்கி லாண்ட்ரியெல்லாம் ஊத்திட்டு என்றாள் சுகிர்தா, கறியைப் பரிமாறிக்கொண்டே, குரலில் ஒரு சின்ன மடிப்புக்கூட இல்லாமல். லாண்ட்ரியில எதுக்கு மாவு வைக்க? அங்கதான்க்கா சூடு. ஞானசிகாமணி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் ஒட்டியிருந்த பியர் காய்ந்து இழுத்தது. இவளுக்கு இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல வரும் என்று இத்தனை வருஷத்தில் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தார்.

சபையார் போனபின், வெயில் சாய்ந்தும் சூடு குறையாத லாண்ட்ரித் தரையில் அவர் குனிந்து சில்லு பொறுக்கினார். சுகிர்தா வாசலுக்கு வந்தாள். வாசலில் நிற்காமல் உள்ளேயே வந்தாள், செருப்புப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. துணி மெஷினில் சாய்ந்து நின்றாள்.

“நான்தான் போட்டேன்” என்றாள். “சர்க்கரை.”

அவர் நிமிர்ந்தார். “நீயா?”

“ஆமா. நீங்க அந்தப் பக்கம் போனியள்லா, அப்ப டப்பாவுல இருந்து ரெண்டு கரண்டி அள்ளி டிரம்முக்குள்ள போட்டுட்டேன். இனிப்பு பத்தாதோன்னு.”

கரண்டியில் அள்ளியா. பாகாக அல்லவா ஊற்றவேண்டும். ரெண்டு கரண்டிக்கா மூடி பறக்கும். இவள் எப்போது அடுப்படிக்கு வந்தாள்? பாட்டில் அடைத்த அன்றைக்குக் காலையிலேயே ஷீபா வீட்டுக்குப் போய்விட்டாளே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று, நான்தானே காரில் கொண்டுபோய் விட்டேன், வழியில் வாழைப்பழம் வாங்கச் சொன்னாள், நல்லாப் பழுத்ததா பாருங்க என்றாள், அவள் கட்டியிருந்த பச்சைச் சேலைகூட ஞாபகம் இருக்கிறது. எல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. அவள் திரும்பி வந்தபோது பாட்டிலெல்லாம் அடைத்து அடுக்கியாகிவிட்டது. அவர் கையில் ஒரு சில்லை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. ஏண்டி இப்படிப் பொய் சொல்லுத, உனக்கு என்ன பைத்தியமா, எனக்குத் தெரியாதா என்று கத்த வாய் வந்தது. அவ்வளவு கோபமாக இருந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சில்லைக் குப்பைக் கூடையில் போட்டார்.

“உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை” என்றார்.

“தெரியாமச் செஞ்சுட்டேன்.”

“கேட்டுட்டுல்லா போடணும்.”

“அடுத்த தடவை கேட்டுட்டுப் போடுதேன். அடுத்த தடவை நீங்க அடைக்கும்போது நானும் கூட நிக்கேன். நீங்க போட்டாச்சுன்னு சொல்லுங்க, நான் போட்டாச்சுன்னு சொல்லுதேன்.”

அவர் குனிந்து இன்னொரு சில்லை எடுத்தார். சுகிர்தா மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, தண்ணீரையும் நுரையையும் சேர்த்து வடிகால் ஓட்டைப் பக்கம் தள்ளத் தொடங்கினாள்.

“எனக்கு இப்ப ரொம்ப மறதி வருது” என்றாள், தள்ளிக்கொண்டே, அவரைப் பார்க்காமல். “புதன்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்களும் வாறியளா?”

துடைப்பம் தரையில் போய் வந்துகொண்டிருந்தது. அவர் தொட்டியோரம் கிடந்த கோட்டை எடுத்து உதறி மெஷினுக்குள் போட்டார்.

“அங்க தள்ளாத” என்றார் எரிச்சலோடு. “அந்த மூலையில சில்லு கிடக்கு, வெறும் செருப்புல நிக்க. இங்க கொடு அதை.” துடைப்பத்தை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் தள்ளிவிட்டு, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.